ஆரோனும் ஊரும்

ஐப்பசியில் கண்மாய் நிறைந்துவிட்டால், கரையில் நடக்கிற ஆள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. வெளிச்சரிவைத்தான் பார்த்துக்கொண்டு போவார். எங்காவது நண்டு வளை இருக்கிறதா, புல் ஓரத்தில் ஈரம் பூத்திருக்கிறதா என்று தேடுவார். ஈரம் கண்டால் குனிந்து கையால் அள்ளிப் பார்ப்பார். தெளிந்த தண்ணீர் என்றால் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போகலாம். கலங்கல் என்றால் கரையின் மண் உள்ளுக்குள் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். அவசரத்தில் அந்த வாயில் சாக்கைத் திணித்தால் பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் கசிகிற வாயைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் ஏறவிட்டு, வேகத்தைத் தணிப்பார்கள். பிறகு ஒருவர் தண்ணீர்ப் பக்கம் இறங்கி வளையின் வாயைத் தேடி அடைப்பார். மூட்டை பிடிக்க, மண் அள்ள, இறங்க, இறங்கியவரைக் கயிற்றால் பிடித்துக்கொள்ள என்று குறைந்தது ஐந்தாறு பேர் வேண்டும்.

ஜெபக் கூட்டங்களில் ‘திறப்பில் நிற்பது’ என்று ஒரு சொல் புழங்குகிறது. எசேக்கியேல் 22:30-இல் இருந்து வந்தது. மூலத்தில் அது இடிந்த மதிலின் திறப்பு. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கத்து ஆட்களுக்கு அதைக் கண்மாய்க்கரை உடைப்பு என்று சொன்னால் உடனே விளங்கும். ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது பற்றிப் பேசும்போது நாம் தடுமாறுகிற இடமும் இதுதான். திறப்பில் நிற்க ஆள் வருகிறார்கள், ஆனால் கலங்கலா தெளிவா என்று குனிந்து பார்ப்பதில்லை. நேராகச் சாக்கைத் திணிக்கிறார்கள்.

ஆவிக்குரிய போராட்டம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நாலைந்து வகை உண்டு, ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு ஆகாது.

வறட்சி என்பது ஒன்று. வருஷக்கணக்காக ஜெபித்துப் பழகியவருக்குத்தான் பெரும்பாலும் வரும். வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனம் மரக்கட்டையாகக் கிடக்கும். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் இதற்கு மூன்று காரணம் சொல்கிறார்: நம்முடைய அசட்டை, ஆறுதல் இல்லாதபோதும் நிற்கிறோமா என்ற சோதனை, ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று உணரவைத்தல். மூன்றில் ஒன்றுதான் நம் தவறு. இது தெரியாமல், வறட்சி என்று சொன்ன உடனே “ஏதாவது மறைவான பாவம் இருக்கா, பாருங்க” என்று ஆரம்பிப்பவர்கள், காய்ந்த வயலில் உப்பைத் தூவுகிறவர்கள். இஞ்ஞாசியார் சொல்லும் மருந்து இரண்டும் எளிமையானவை. இருட்டான நாட்களில், வெளிச்சத்தில் எடுத்த எந்தத் தீர்மானத்தையும் மாற்றாதே. குறித்த நேரத்துக்குமேல் கொஞ்சம் கூடுதலாக இரு. ஒரு மணி என்று வைத்திருந்தால் ஒரு மணியைத் தாண்டிவிட்டு எழு.

இரண்டாவது, மதியச் சோர்வு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதைக் கூர்மையாக எழுதிவைத்திருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் தொடங்கி இரண்டு மணி வரை பிடித்துக்கொள்ளும். சூரியன் நகரவே நகராததுபோலத் தோன்றும். துறவி ஜன்னல் வழியே எட்டிப்பார்ப்பார், இந்த இடம் சரியில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை, வேறிடம் போனால் நன்றாக இருக்கும் என்று நினைப்பார். சித்திரை மதியத்தில் ஆள் நடமாட்டமற்ற நம் ஊர்த் தெருவை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணவர் சிங்கப்பூரிலோ குவைத்திலோ இருக்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்ட வீட்டில் இது நிறைய. இதற்கு நீண்ட ஜெபம் பலிக்காது. ஒரே ஒரு வசனம், வாய்விட்டுச் சொல்வது, கையில் ஒரு வேலை, அந்த நேரத்தில் ஒருவரின் போன். அவ்வளவுதான். சபையை மாற்றலாமா, பங்கை மாற்றலாமா என்ற யோசனை மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தால் அதற்குச் செவிகொடுக்கவே கூடாது.

மூன்றாவது, விடமுடியாத பழக்கம். குடி, செல்போனில் ஆபாசப் படம், பணம் கட்டி ஆடும் ரம்மி. இங்கே கேட்க வேண்டியது எந்த நேரம், எந்த இடம், எதற்கு அடுத்தபடியாக என்பதை. ராத்திரி பதினொரு மணி, மாடி அறை, வீட்டில் சண்டை வந்த நாள் என்று பதில் வந்தால், ஜெபம் பத்தரை மணிக்கு இருக்க வேண்டும். செல்போன் கீழே கூடத்தில் சார்ஜில் கிடக்க வேண்டும். காலை ஐந்து மணி ஜெபத்தை எவ்வளவு உருக்கமாகச் செய்தாலும் ராத்திரி பதினொரு மணி வளை திறந்தேதான் இருக்கும்.

துக்கமும் கோபமும் தனி. பிள்ளையைப் பறிகொடுத்தவர் கடவுளோடு சண்டை போடுவது சோதனை அல்ல, அதுவே ஜெபம். “கர்த்தருக்குப் பிரியமாயிருந்துச்சு, எடுத்துக்கிட்டார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். யோபின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் ஏழு ராத்திரி தரையில் உட்கார்ந்து வாய் பேசாமல் இருந்தது. வாய் திறந்த பிறகுதான் கெட்டது.

அறிக்கையிட்ட பிறகும் தீராத குற்றவுணர்வு என்று ஒன்றுண்டு. இதற்கு மீண்டும் மீண்டும் அறிக்கையிடச் சொல்வது புண்ணைக் கிளறுவது. மன்னிப்பை இன்னொருவர் வாயால் காதில் கேட்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், குருவானவரின் வார்த்தை இருக்கிறது. மற்றச் சபைகளில் இதைச் சொல்ல ஆளே இல்லாமல் போய்விடுவதுண்டு. சொல்லுங்கள், பெயர் சொல்லி அழைத்துச் சொல்லுங்கள்.

இனி, சொல்வது எப்படி. நம் பக்கத்தில் இதுதான் மலை. “வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்” என்று வளர்ந்த ஊர் இது. முகப்பில் நிலைக்கதவும் பளபளக்கும் ஆத்தங்குடித் தரையுமாக இருக்கும், இரண்டாங்கட்டில் என்ன நடக்கிறது என்று தெரு அறியாது. கிறிஸ்தவ வீடுகளும் இதில் மாறுபட்டவை அல்ல. இஞ்ஞாசியார் சொல்கிறார்: எதிரி கள்ளக் காதலனைப் போல, எல்லாம் இரகசியமாக இருக்க வேண்டும் என்றே விரும்புவான், விவரம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவன் பாதி தோற்றான். யாக்கோபு 5:16-உம் ‘ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்’ என்று இரண்டையும் சேர்த்தே கட்டுகிறது. நாம் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சொல்வது ஒருவரிடம், மிஞ்சினால் இருவரிடம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். சொந்தக்காரர் வேண்டாம், கடன் கொடுத்தவர், வாங்கியவர், சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பவர் வேண்டவே வேண்டாம். முதல் முறை முழுக்கதையும் சொல்லவேண்டியதில்லை. “அண்ணே, மூணு மாசமா ஜெபம் பண்ண முடியல, ராத்திரில போன்ல கெட்டுப்போறேன்” என்ற ஒரு வரி போதும். எதிரே இருப்பவர் அந்த ஒரு வரியை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று பார்த்துவிட்டு மற்றதைச் சொல்லலாம்.

கேட்டவர் செய்யக்கூடாதது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பங்கில் பக்கத்து வீட்டார் கூடும் அன்பியக் கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ “ஒரு அக்காவுக்காக ஜெபம் பண்ணிக்குங்க, பேர் சொல்லல, செக்காலைப் பக்கம்தான், வீட்டுக்காரர் துபாய்ல…” என்று போட்டுவிடுவது. பத்து நிமிஷத்தில் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த அக்கா அதற்குப் பிறகு ஆயுசுக்கும் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடக்கும் இந்தப் புறணி, சபைகளில் ஜெபத்தின்மீதே நம்பிக்கையைக் கெடுத்து வைத்திருக்கிறது. குருவானவருக்குப் பாவசங்கீர்த்தன இரகசியம் திருச்சபைச் சட்டம். நமக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆகவே முதலிலேயே வாய்விட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, குழந்தைக்கு ஆபத்து, வீட்டில் அடிதடி, இந்த மூன்றுக்கு மட்டும் வாக்கு கட்டுப்படுத்தாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

சேர்ந்து ஜெபிக்க உட்காரும்போது முக்கால் மணி நேரம் போதும். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ‘முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது’ என்று பிரசங்கி 4:12 சொல்வது அளவாகவும் பொருந்துகிறது. நான்காவது ஆள் வந்தாலே அது கூட்டமாகி, பேச்சு மேடைப் பேச்சாகிவிடுகிறது. முதல் இருபது நிமிஷம் கேட்பது மட்டும். இடையில் மூன்று கேள்வி கேட்கலாம்: எப்பத்திலேர்ந்து இப்படி? எந்த நேரத்தில் ரொம்ப கஷ்டம்? உங்களுக்காக என்ன கேட்கட்டும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இயேசுவே பார்வையற்றவரிடம் “நான் உனக்கு என்ன செய்ய வேண்டுமென்றிருக்கிறாய்” என்று கேட்ட பிறகுதான் செய்தார்.

பிறகு ஒரு சங்கீதம், மெதுவாக, மாற்றி மாற்றி ஒரு வசனமாக. 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். முதல் இரண்டில் மட்டும் ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது. அந்த நான்கையும் போராடுகிறவர் வாயால் வாசிக்க விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். தேறுதலாக எதையும் கேட்கப் பொறுக்காத நிலை என்றால் 88ஆம் சங்கீதம். அது விடியலில் போய் முடிவதில்லை. நண்பர்கள் தூரமாகிப் போனதைச் சொல்லி, அப்படியே நின்றுவிடுகிறது. வேதத்தில் அப்படியும் ஒரு ஜெபம் இருக்கிறது என்று காண்பதே சிலருக்கு மூச்சு.

ஜெபம் பத்து நிமிஷம். கேட்ட ஒரு காரியத்தை மட்டும், அவர் சொன்ன வார்த்தையிலேயே. தலையில் கை வைப்பதற்கு முன்னால் “கை வைக்கலாமா தம்பி?” என்று கேட்க வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு, ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைப்பது. “ஆண்டவரே, இந்தச் சகோதரர் தம் குடும்பத்துக்கு உண்மையாய் இருக்கும்படி அவருக்கு உணர்த்தும்” என்றால் அது ஆண்டவரைப் பார்த்துப் பேசுவதல்ல, கண்ணை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கண்டிப்பது. அவருக்கு அது தெரியும். வார்த்தை வரவில்லையென்றால் மௌனமாக இருங்கள். ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8:26-இல் எழுதியிருக்கிறது. கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மூவரும் சேர்ந்து சொல்லுங்கள். அதில் ‘என்’ கிடையாது, ‘எங்கள்’தான். அடுத்து எந்த நாள், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டுதான் எழ வேண்டும். “பாப்போம்ணே” என்று பிரிந்தால் பார்க்கமாட்டீர்கள்.

சிலநேரம் மூன்று பேர் போதாது. ஆஸ்பத்திரியில் கவலைக்கிடம், வீட்டைவிட்டுப் போன பிள்ளை, என்று இராப்பகல் தாங்க வேண்டிய நாட்கள் வரும். அதற்குச் சங்கிலி ஜெபம். 1727 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 24 ஆண்களும் 24 பெண்களுமாக, நாளின் மணிகளைப் பங்கு பிரித்துக்கொண்டு தொடங்கிய சங்கிலி நூறாண்டுக்கு மேல் அறாமல் ஓடியது. அவர்களை வழிநடத்திய சின்சென்டார்ப், ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த சிறுவயதில் தரங்கம்பாடி மிஷன் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். நமக்கு அவ்வளவு தூரத்துக் கதையல்ல அது.

சங்கிலி எங்கே அறுகிறது என்றால், ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலுக்குள். பகல் மணிக்குப் பெயர் கொடுக்கப் போட்டி, பின்னிரவுக்கு ஆளில்லை. செட்டிநாட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. நம் ஆட்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால் குவைத்தில் ராத்திரி ஒன்பதரை, துபாயில் பத்தரை. இங்கே விடியற்காலை மூன்று மணி, சிங்கப்பூரில் ஐந்தரை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை வளைகுடாவிலும், இரண்டரையிலிருந்து நாலரை வரை சிங்கப்பூர், மலேசியாவிலும் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டால், இங்கே நிரப்ப வேண்டியது ஒரே ஒரு மணி நேரம். அரைமணிக்கு ஒருவர் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 48 பங்கு. முப்பது பேர் இருந்தால் பதினெட்டுப் பேர் இரண்டு பங்கு எடுத்தாலே நிறைந்துவிடும். முடித்தவர் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கால் வரவில்லையென்றால் அதற்கு முந்தியவருக்குத் தகவல். மூன்று நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். தேவையானால் ஒரு வாரம் விட்டு மறுபடி தொடங்கலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். யாத்திராகமம் 17. அமலேக்கியரோடு யுத்தம், மலையுச்சியில் மோசே கையை ஏறெடுத்திருக்கிறார், கை அசந்துபோகிறது. ‘ஆரோனும் ஊரும்’ ஒருவர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமும் நின்று தாங்குகிறார்கள். ஊர் என்பது அந்த ஆளின் பெயர். எபிரேயத்தில் அதற்கும் நம் ஊருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தமிழில் வாசிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு பக்கம் ஆசாரியனும் மறுபக்கம் ஊரும் நிற்பதாகவே காதில் விழுகிறது. நம் மொழிக்குத் தானாக வந்த பேறு என்று நினைக்கிறேன்.

இதில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு விவரம் உண்டு. கையைத் தாங்குவதற்கு முன்னால் அவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவந்து மோசேக்குக் கீழே வைத்தார்கள், அவர் உட்கார்ந்தார். முதலில் கல், பிறகுதான் கை. சூரைச்செடியின் கீழ் ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்த எலியாவுக்கும் இதே வரிசைதான்: தூக்கம், தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் மெல்லிய சத்தம். இராத் தூக்கமில்லாமல் மாமியாரைக் கவனித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய் உபவாச ஜெபத்துக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு தூக்குவாளியில் ரசமும் சோறும் கொண்டுபோங்கள், “நான் நாலு மணி வரைக்கும் இருக்கேன், நீங்க போய்ப் படுங்கக்கா” என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, பேங்க் கடிதத்தை வாசித்துச் சொல்வது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது, இவை எல்லாம் கல்.

மனநோய்க்கான மாத்திரையும் ஒரு கல். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் நாட்டமில்லாமல், சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அது ஜெபக் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசும், 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. ‘விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு’ என்று நிறுத்தச் சொல்லிக் கெட்ட குடும்பங்கள் உண்டு. மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ சொல்ல, அதை எழுதிக்கொடுத்தவரைத் தவிர யாருக்கும் உரிமை கிடையாது. பிசாசு என்று சொல்லி அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது எல்லாம் குற்றம். பார்த்துக்கொண்டிருப்பவர் தடுக்க வேண்டும்.

தாங்குகிறவர்களுக்கும் கை வலிக்கும். கலாத்தியர் 6-இல் இரண்டாம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, ஐந்தாம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. முரண்போலத் தெரியும்; மூலத்தில் இரண்டும் வெவ்வேறு சொல். முதலாவது, ஒருவரால் தூக்கமுடியாத சுமை. இரண்டாவது, அவரவர் தோளில் போடும் மூட்டை. குடிப்பவரின் மனைவி அழும்போது கூட இருப்பது முதல் வகை. குடிக்காமல் இருக்கும் தீர்மானம் குடிப்பவரின் மூட்டை, அதை நீங்கள் வாங்கிக்கொண்டால் அவரும் நடக்கமாட்டார், நீங்களும் விழுவீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவசரம் தவிரப் போன் இல்லை என்று சொல்லிவிடலாம். பணம் கொடுத்தால் கடனாக அல்ல, திரும்பாது என்று நினைத்தே கொடுங்கள். கடன் நுழைந்தால் ஜெபத் தோழமை முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் விலகி இன்னொருவர் வரலாம், அதில் குற்றமில்லை. கெத்செமனேயில் சீஷர்கள் மூன்று முறையும் தூங்கித்தான் போனார்கள். முதல் முறையே ‘மாம்சமோ பலவீனமுள்ளது’ என்று புரிந்து சொன்னவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை.

எல்லோருக்காகவும் ஜெபிக்கிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பாஸ்டர், உபதேசியார், பங்குச் சாமியார், கன்னியர், இவர்களிடம் வரிசையில் நின்று நம் குறையைச் சொல்கிறோம், “நீங்க எப்படி இருக்கீங்க ஐயா?” என்று கேட்பவர் அரிது. தேவகோட்டைப் பக்கமிருந்து ஓரியூருக்குப் போகிறவர்கள் அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வருகிறோம். இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே 1693 பிப்ரவரி 4-இல் வெட்டப்படுவதற்கு முன், சிறையில் கரியைக் கரைத்து மையாக்கித் தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். சாவைக் கண்டு கலங்காத அந்த மனிதர் தனியாக நிற்கவில்லை. இயேசுவும் பேதுருவிடம் “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்றவர், அதே இரவில் மூன்று பேரைக் கூட்டிப்போய் என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார்.

கேட்டது கிடைக்காமலும் போகும். பவுல் மூன்று முறை வேண்டியும் அவர் மாம்சத்திலிருந்த முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில் வந்தது. அந்தப் பதிலை ஆண்டவர் பவுலிடம்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவில்லை. நாம் யாருக்கும் அதை முந்திக்கொண்டு சொல்லக்கூடாது.

கண்மாய்க்கரையை ஊரார் சேர்ந்து குடிமராமத்தாகச் செப்பனிடுவது ஐப்பசியில் அல்ல, தண்ணீர் வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசியில். இப்போது பெரிய போராட்டம் எதுவும் இல்லாதவர்கள் இந்த ஞாயிறு ஆராதனையோ பூசையோ முடிந்து, செருப்பைத் தேடும் நேரத்தில், ஒருவரிடம் கேட்டுப்பாருங்கள்: “வாரம் ஒரு தடவ, முக்கால் மணி நேரம், உக்காருவமா?” முதல் நாலு வாரம் பேசச் சங்கடமாக இருக்கும். சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். ஐந்தாவது வாரம் யாராவது ஒருவர் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருப்பார். அப்போது மணியைப் பார்க்காதீர்கள்.